அமெரிக்கால டாக்டர் மேல கேஸ் போடணும்னா: ஜூரி சொல்ற தொகை வேற, கைக்கு வர்ற தொகை வேற

நான் லாயர் இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன். ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவுக்காக ஒரு வருஷம் ஃபைலும் கையுமா அலைஞ்சிருக்கேன். அவங்க அம்மா விசிட்டர் விசால டெக்சஸ் வந்தாங்க, ஒரு சின்ன ஆபரேஷன், அதுக்கப்புறம் காய்ச்சல் வந்துச்சு, நாலு நாளா சொல்லியும் யாரும் கண்டுக்கல, கடைசில புண் சீழ் பிடிச்சு இன்னும் மூணு ஆபரேஷன், இப்ப வாக்கர் இல்லாம நடக்க முடியாது. ஆறு லாயர்கிட்ட பேசினோம், அஞ்சு பேர் "சாரி, எங்களால எடுக்க முடியாது"ன்னு ரெண்டு வரில லெட்டர் அனுப்பிட்டாங்க. ஆறாவது ஆள் மட்டும்தான் ஓப்பனா சொன்னார், தப்பு நடந்திருக்கு, ஆனா கணக்கு ஒத்து வரலன்னு.

அந்தக் கணக்கு என்னன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா எங்களுக்கு ஆறு மாசம் மிச்சமாகியிருக்கும், அதனாலதான் இத எழுதறேன்.

டிவில "டாக்டருக்கு எதிரா 10 மில்லியன் தீர்ப்பு"ன்னு நியூஸ் வருது பாருங்க, அது ஜூரி, அதாவது கேஸக் கேட்டு முடிவு சொல்ல உக்கார வச்ச பொது ஜனங்க, சொன்ன நம்பர். பல ஸ்டேட்ல ஜூரி எவ்ளோ சொன்னாலும் அதுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு சட்டத்துல ஒரு உச்சவரம்பு இருக்கு, இங்க எல்லாரும் அத கேப்னு சொல்வாங்க. கூத்து என்னன்னா கலிஃபோர்னியா, டெக்சஸ் மாதிரி இடங்கள்ல அப்படி ஒரு கேப் இருக்குங்கறதையே ஜூரிகிட்ட சொல்ல மாட்டாங்க. அவங்க மூணு வாரம் வேலைய விட்டு உக்காந்து, அழுது, சண்டை போட்டு 5 மில்லியன்னு ஒரு முடிவுக்கு வருவாங்க, அவங்க வீட்டுக்குப் போனதும் ஜட்ஜ் அத கேப்புக்குள்ள கொண்டு வந்துடுவார்.

இதுல பேர் போனது கலிஃபோர்னியா சட்டம்தான், 1975ல வந்தது. டாக்டர்களோட இன்சூரன்ஸ் பிரீமியம் தாறுமாறா ஏறுது, இப்படியே போனா டாக்டர்களே இருக்க மாட்டாங்கன்னு சொல்லி மைக்ராங்கற சட்டத்தக் கொண்டு வந்தாங்க. வலி, வேதனை இதுக்கெல்லாம் அதிகபட்சம் 250,000 டாலர்தான்னு வச்சாங்க, விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஏறும்னு ஒரு வரி கூட சேர்க்கல. 47 வருஷம் அதே 250,000தான், இதுக்கு நடுவுல வீட்டு விலை எங்க போச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

சரி, கேப் எதுக்குன்னு புரியணும்னா நஷ்டஈட்ட ரெண்டா பிரிச்சுப் பாருங்க. ஒண்ணு ரசீது காட்டக்கூடிய நஷ்டம். ஆஸ்பத்திரி பில், இனிமே ஆகப்போற வைத்தியச் செலவு, இதுவரைக்கும் இழந்த சம்பளம், இனிமே இழக்கப்போற சம்பளம். இன்னொண்ணு ரசீது இல்லாத நஷ்டம், வலி, மன வேதனை, கால் இல்லாம வாழற கஷ்டம், துணைய இழந்தது. பெரும்பாலான ஸ்டேட்ல கேப் இந்த ரெண்டாவதுக்கு மட்டும்தான், மொதல் வகைக்கு லிமிட் கிடையாது. இத மனசுல வச்சுட்டு மேல படிங்க, ஏன்னா மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு.

வருஷத்துக்கு 2 லட்சம் டாலர் சம்பாதிக்கற 35 வயசு சாஃப்ட்வேர் ஆளுக்கு ஆபரேஷன்ல தப்பாகி வேலை செய்ய முடியாமப் போச்சுன்னா, இழக்கற சம்பளமே சில மில்லியன் வரும், கேப் அவர பெருசா தொடாது. அதே தப்பு வேலைக்குப் போகாத அம்மாவுக்கோ, ரிட்டயர் ஆன மாமனாருக்கோ, எச்4 விசால (இங்க வேலை பாக்கறவரோட குடும்பத்துக்குக் குடுக்கறது) வீட்ல இருக்கற மனைவிக்கோ, குழந்தைக்கோ நடந்தா? குழந்தைக்காவது வருங்காலச் செலவு, வருங்காலச் சம்பளம்னு எதாவது கணக்கு காட்டலாம், வயசானவங்களுக்கு இழந்த சம்பளம் பூஜ்யம், மிச்சம் இருக்கறது வலி மட்டும்தான், அதுக்குத்தான் பூட்டு போட்டிருக்காங்க. நம்ம வீடுகள்ல யார் யார் இருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

இப்ப உங்க ஸ்டேட் எந்த ரகம்னு பாக்கணும். நீங்க எங்க குடியிருக்கீங்கங்கறது பெருசா கணக்கில்ல, வைத்தியம் எங்க நடந்துச்சோ பொதுவா அந்த ஊர் சட்டம்தான்.

கலிஃபோர்னியால 2022ல சட்டத்த மாத்தினாங்க, 2023 ஜனவரிலேர்ந்து புது கணக்கு. உயிரோட இருக்கறவங்களுக்கு 350,000ல ஆரம்பிச்சு வருஷா வருஷம் 40,000 ஏறி 750,000 வரை போகும், இறந்துட்டா 500,000ல ஆரம்பிச்சு வருஷம் 50,000 ஏறி 1 மில்லியன் வரை. அப்படிப் பாத்தா 2026ல 470,000, 650,000. டாக்டர்கள் தரப்புக்கு ஒரு கேப், ஆஸ்பத்திரி தரப்புக்கு தனி கேப்னு பிரிச்சிருக்காங்க, அதனால யார் யாரெல்லாம் தப்புக்குப் பொறுப்புன்னு மொதல்லயே சரியா பிடிக்கறது ரொம்ப முக்கியம்.

டெக்சஸ்ல 2003ல வந்த சட்டம், இன்னும் அப்படியே இருக்கு. எத்தன டாக்டர் சேந்து தப்பு பண்ணாலும் டாக்டர்கள் எல்லாருக்கும் சேத்து 250,000. ஆஸ்பத்திரி ஒண்ணுன்னா இன்னொரு 250,000, ரெண்டுக்கு மேல இருந்தாலும் ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தம் 500,000. ஆக ஆகக்கூடி 750,000. அதோட அங்க இன்னொரு வில்லங்கம், பில் 400,000னு போட்டிருந்தாலும் இன்சூரன்ஸ் பேரம் பேசி 90,000 குடுத்து முடிச்சிருந்தா, நீங்க கேக்க முடியறது அந்த 90,000தான். அக்கா வீட்ல இதுதான் நடந்துச்சு, பில்ல பாத்து பெரிய கேஸ்னு நெனச்சுட்டு இருந்தோம்.

வர்ஜீனியா இன்னும் மோசம், அங்க வலிக்கு மட்டும் இல்ல, வைத்தியச் செலவு சம்பளம் எல்லாம் சேத்து மொத்தத்துக்கே கேப். வருஷா வருஷம் ஜூலை 1ம் தேதி 50,000 ஏறுது, 2025 ஜூலைலேர்ந்து 2.7 மில்லியன், 2031ல 3 மில்லியன்ல நிக்கும். கேக்க பெருசா இருக்கு, ஆனா பிரசவத்துல மூளை பாதிச்ச குழந்தைக்கு ஆயுசு முழுக்க ஆகற செலவுக்கு அது காணாது. இண்டியானாவும் மொத்தத்துக்கு கேப், 1.8 மில்லியன்.

நியூயார்க், நியூஜெர்சில வலிக்கு கேப் கிடையாது. பென்சில்வேனியால அந்த மாதிரி கேப் போடக்கூடாதுன்னு ஸ்டேட் கான்ஸ்டிடியூஷன்லயே இருக்கு. இல்லினாய், ஜார்ஜியா ரெண்டுலயும் சட்டசபை கேப் போட்டுச்சு, 2010ல அந்தந்த ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு தூக்கிடுச்சு. ஃப்ளோரிடாலயும் 2014, 2017னு ரெண்டு தீர்ப்புல தூக்கிட்டாங்க, ஆனா அங்க வேற ஒரு கொடுமை இருக்கு. டாக்டர் தப்பால இறந்தவருக்கு 25 வயசு தாண்டியிருந்து, கல்யாணமும் ஆகாம குழந்தையும் இல்லைன்னா, பெத்தவங்க மன வேதனைக்குன்னு ஒரு டாலர் கூட கேக்க முடியாது. அதே மாதிரி கணவனோ மனைவியோ இல்லாத அப்பா அம்மா இறந்தா 25 தாண்டின பிள்ளைங்களும் கேக்க முடியாது. இத மாத்தறதுக்கு 2025ல சட்டசபை பாஸ் பண்ண மசோதாவ கவர்னர் வீட்டோ பண்ணிட்டார்.

இப்ப வேலைக்கு வருவோம். தப்பு நடந்திருக்குன்னு சந்தேகம் வந்த அன்னைக்கே ஒரு நோட்டு போடுங்க. எந்தத் தேதி, எத்தன மணி, எந்த நர்ஸ்கிட்ட என்ன சொன்னோம், அவங்க என்ன பதில் சொன்னாங்க. ரெண்டு மாசம் கழிச்சு எழுதினா பாதி மறந்துடும், மீதி கோபத்துல மாறிடும். அப்புறம் மெடிக்கல் ரெக்கார்ட். ஹிப்பாங்கற மெடிக்கல் ரெக்கார்ட் சட்டப்படி நீங்க எழுதிக் கேட்டா 30 நாளுக்குள்ள தரணும், காரணம் சொல்லி இன்னொரு 30 நாள் இழுக்கலாம், அவ்ளோதான். ஆஸ்பத்திரியோட ஆன்லைன் அக்கவுண்டான மைசார்ட்ல தெரியறது முழு ரெக்கார்ட் இல்ல, அதுல இருக்கறத டவுன்லோட் பண்ணிட்டு, நர்சிங் நோட்ஸ், மருந்து குடுத்த சார்ட், ஸ்கேன் படங்கள் எல்லாம் வேணும்னு தனியா எழுதிக் கேளுங்க. எதுக்குன்னு கேட்டா செகண்ட் ஒப்பீனியனுக்குன்னு சொன்னாப் போதும், அதுவும் பொய் இல்லையே.

ஆஸ்பத்திரிலேர்ந்து ரிஸ்க் மேனேஜ்மென்ட்னு, அதாவது ஆஸ்பத்திரி மேல கேஸ் வராமப் பாத்துக்கற பிரிவுலேர்ந்து, ஒருத்தங்க ரொம்ப அன்பா ஃபோன் பண்ணுவாங்க. பேசலாம், ஆனா எதுலயும் கையெழுத்து வேண்டாம், பில்ல தள்ளுபடி பண்றோம்னு ஒரு பேப்பர் வந்தா அதுக்குள்ள "இனிமே கேஸ் போட மாட்டேன்"னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கான்னு பாருங்க. டாக்டர் நேர்ல வந்து சாரி சொன்னாலும் உடனே ஆதாரம் கெடச்சிடுச்சுன்னு துள்ளாதீங்க, பல ஸ்டேட்ல அனுதாபமா சொன்ன சாரிய கோர்ட்ல ஆதாரமா காட்ட முடியாது. ஃபேஸ்புக்ல பொங்கறது, ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல டாக்டர திட்டறது எல்லாத்தையும் நிறுத்துங்க, எதிர்த்தரப்பு லாயர் அதையெல்லாம் கேட்டு வாங்கலாம், அம்மா கொலு முன்னாடி சிரிச்சுட்டு நிக்கற ஃபோட்டோவ வச்சே "வலி இல்ல போலிருக்கே"ம்பாங்க.

ஒருத்தர் இறந்துட்டா இன்னொரு விஷயம் இருக்கு, சொல்லவே கஷ்டமா இருக்கு ஆனா சொல்லித்தான் ஆகணும். நம்ம ஆளுங்க சீக்கிரம் தகனம் பண்ணணும், இல்ல பாடிய ஊருக்கு அனுப்பணும்னு ஓடுவோம், அந்த ரெண்டு நாள்ல யாருக்கும் புத்தி வேலை செய்யாது. ஆனா ஆட்டாப்ஸி, அதாவது பிரேதப் பரிசோதனை, இல்லாம எதனால உயிர் போச்சுன்னு நிரூபிக்கறது ரொம்ப கஷ்டம். ஆஸ்பத்திரி தானா பண்ணும்னு இல்ல, சந்தேகம் இருந்தா கேளுங்க, அவங்க மறுத்தா தனியார்ல சில ஆயிரம் டாலர் ஆகும். தகனம் ஆயிட்டா திரும்பிப் போக வழியே கிடையாது.

அடுத்தது கேஸ் போடறதுக்கான டெட்லைன், இதுல கோட்டை விட்டவங்கதான் அதிகம். டெக்சஸ், நியூஜெர்சி, பென்சில்வேனியால 2 வருஷம், நியூயார்க்ல ரெண்டரை வருஷம். கலிஃபோர்னியால தெரிஞ்சதுலேர்ந்து 1 வருஷம், இல்லன்னா பாதிப்பு நடந்ததுலேர்ந்து 3 வருஷம், எது முன்னாடி வருதோ அது. ஒஹையோல பொதுவா 1 வருஷம்தான். கேஸ் போடறதுக்கு முன்னாடி நோட்டீஸ் குடுத்துட்டு காத்திருக்கணும்னும் சில இடத்துல இருக்கு, கலிஃபோர்னியால 90 நாள், டெக்சஸ்ல 60 நாள், மிச்சிகன்ல 182 நாள் வரை. அதனால ரெண்டு வருஷம் இருக்குன்னு நிதானமா ரெண்டாவது வருஷக் கடைசில லாயர தேடினா எவரும் தொட மாட்டாங்க.

கவர்மென்ட் ஆஸ்பத்திரின்னா டைம் இன்னும் கம்மி. நியூயார்க் சிட்டி ஆஸ்பத்திரி மேலன்னா 90 நாளுக்குள்ள நோட்டீஸ் குடுக்கணும், கலிஃபோர்னியால கவுண்டி (மாவட்டம் மாதிரி) ஆஸ்பத்திரின்னா 6 மாசத்துக்குள்ள க்ளெய்ம் போடணும். சாதாரண கிளினிக் மாதிரியே இருக்கற பல கம்யூனிட்டி ஹெல்த் சென்டர்கள் ஃபெடரல், அதாவது மத்திய அரசு, பாதுகாப்புக்குள்ள வரும், அங்க நடந்ததுக்கு ஸ்டேட் கோர்ட்டுக்குப் போகவே முடியாது, ஸ்டாண்டர்ட் ஃபார்ம் 95ங்கற க்ளெய்ம் ஃபார்ம நிரப்பி 2 வருஷத்துக்குள்ள சம்பந்தப்பட்ட மத்திய அரசு ஏஜென்சிக்கு அனுப்பணும், அப்புறம் கேஸ் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனாலும் ஜூரி கிடையாது, ஜட்ஜ் மட்டும்தான். கலிஃபோர்னியால கைசர் மாதிரி இன்சூரன்ஸ் பிளான்ல இருந்தீங்கன்னா பெரும்பாலும் சேரும்போதே ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது கோர்ட்டுக்குப் போகாம நடுவர்கிட்ட தீர்த்துக்கறதுக்கு, ஒத்துட்டு கையெழுத்து போட்டிருப்பீங்க, அங்கயும் ஜூரி இல்ல, கேப் மட்டும் உண்டு.

லாயர் பிடிக்கற கதைக்கு வரேன். ஹைவே போர்டுல சிரிக்கற ஆக்சிடென்ட் லாயர் இதுக்கு ஆகாது, மெடிக்கல் மால்ப்ராக்டிஸ், அதாவது வைத்தியத் தப்பு கேஸ், மட்டுமே பாக்கறவங்க வேணும். மொதல் பேச்சு ஃப்ரீதான், ஜெயிச்சாதான் ஃபீஸ், பொதுவா மூணுல ஒரு பங்குலேர்ந்து 40 சதவீதம் வரை. கலிஃபோர்னியால இதுக்கும் சட்டம் உண்டு, கேஸ் ஃபைல் பண்றதுக்கு முன்னாடி செட்டில் ஆனா 25 சதவீதம், ஃபைல் பண்ண அப்புறம் 33. ஆனா செலவு தனி. அதே ஸ்பெஷாலிட்டில இருக்கற இன்னொரு டாக்டர் வந்து "இது தப்பு, இப்படி யாரும் பண்ண மாட்டாங்க, இந்தத் தப்பாலதான் இந்தப் பாதிப்பு"ன்னு சொல்லணும், சும்மா ரிசல்ட் மோசமாச்சுங்கறது பத்தாது. டெக்சஸ்ல எதிர்த்தரப்பு பதில் போட்டதுலேர்ந்து 120 நாளுக்குள்ள இந்த எக்ஸ்பர்ட் ரிப்போர்ட் தரலன்னா கேஸ் காலி, அவங்க லாயர் ஃபீஸையும் நீங்கதான் கட்டணும். நியூஜெர்சி, பென்சில்வேனியாலயும் 60 நாள் கணக்குல, கேஸ்ல விஷயம் இருக்குன்னு காட்டற ஒரு சர்டிஃபிகேட் உண்டு. ட்ரையல் வரை போனா எக்ஸ்பர்ட் செலவு 50,000, 100,000 டாலர்னு ஏறும், அத லாயர் தன் பாக்கெட்லேர்ந்து போடறார்.

இப்ப கணக்கு போடுங்க. டாக்டர் மட்டும் தப்பு, ஆஸ்பத்திரி மேல ஒண்ணும் நிக்கல, சம்பள நஷ்டம் கிடையாதுன்னு வச்சுக்கோங்க. டெக்சஸ்ல வலிக்கு அதிகபட்சம் 250,000. ஃபீஸ் 40 சதவீதம் போனா 150,000. செலவு 80,000 போனா 70,000. பில்லுக்குன்னு தனியா எதாவது வந்தா, இன்சூரன்ஸ்காரங்க நாங்க கட்டினதத் திருப்பித் தாங்கன்னு வருவாங்க. இதுவும் முழுசா ஜெயிச்சாதான், தோத்தா லாயருக்கு 80,000 நஷ்டம். ரெண்டு வருஷம் உழைச்சு இதுக்கு எந்த லாயர் வருவார்? கேப் போட்டது ஜூரிய கட்டுப்படுத்தன்னு சொல்வாங்க, என்னைக் கேட்டா அது ஜூரி கிட்ட போறதுக்கு முன்னாடியே, லாயர் ஆபீஸ் வாசல்லயே ஆளத் திருப்பி அனுப்பற வேலையத்தான் நல்லா பண்ணுது.

அதனால ஒரு லாயர் முடியாதுன்னா ஏன்னு கேளுங்க, கூச்சப்படாம. பெரும்பாலும் மூணு காரணம்தான் இருக்கும். டாக்டர் பண்ணது தப்பில்ல, தப்புதான் ஆனா பாதிப்பு அதனால வரல, தப்பும் பாதிப்பும் இருக்கு ஆனா தொகை பத்தல. மொதல் ரெண்டும்னா ரெண்டு லாயர் ஒரே மாதிரி சொன்னப்புறம் விட்டுடுங்க. மூணாவதுன்னா சண்டை போட இடம் இருக்கு, கேப் தொடாத பக்கத்த நீங்க பெருசாக்கிக் காட்டணும்.

எப்படின்னா, வீட்டு வேலைக்கும் விலை உண்டு. சமையல், குழந்தைய ஸ்கூலுக்குக் கொண்டு விடறது, வயசானவங்களப் பாத்துக்கறது, இதெல்லாம் அந்த அம்மா இனிமே செய்ய முடியலன்னா ஆள் வச்சு செய்ய என்ன ஆகுமோ அது ரசீது பக்கத்து நஷ்டம், பல ஸ்டேட்ல இத எக்கனாமிஸ்ட் வச்சு கணக்கு போட்டுக் காட்டலாம். நம்ம வீடுகள்ல இத யாரும் சொல்றதே இல்ல, லாயர் "வேலை பாக்கறாங்களா"ன்னு கேப்பார், நாம "இல்ல சார், சும்மா வீட்லதான் இருக்காங்க"ன்னு சொல்லிடுவோம். அந்த ஒரு பதில்ல பெரிய தொகை போயிடுது. பாதிப்புக்கு முன்னாடி ஒரு நாள்ல என்னென்ன செஞ்சாங்க, எத்தன மணி நேரம், இப்ப அத யார் செய்யறா, அதுக்கு யாருக்கு எவ்ளோ குடுக்கறீங்க, எழுதி வைங்க, டேகேர் பில், சமையலுக்கு வர்றவங்களுக்கு ஜெல் (Zelle) ஆப்ல பணம் அனுப்பின ரெக்கார்ட் எல்லாத்தையும் எடுத்து வைங்க. மகனோ மகளோ லீவ் போட்டுப் பாத்துக்கிட்டா அந்த நாளையும் குறிச்சுக்கோங்க. இனிமே ஆகற பிசியோதெரபி, வீட்ல ரேம்ப் போடறது, வாக்கர் மாத்தறதுன்னு வருங்காலச் செலவுக்கு தனியா பிளான் போட்டுத் தர ஆளுங்க இருக்காங்க, பெரிய பாதிப்புன்னா லாயரே ஏற்பாடு பண்ணுவார்.

அக்காவுக்காக நாங்க இந்த லிஸ்ட்ட எழுதி எடுத்துட்டுப் போனப்புறம்தான் ஏழாவது லாயர் ஃபைலத் திறந்து பாத்தார். அந்த அம்மாதான் ரெண்டு பேரக் குழந்தைங்களையும் காலைலேர்ந்து சாயங்காலம் வரை பாத்துக்கிட்டாங்க, அது நிக்கவும் மாசம் 3,000 டாலருக்கு மேல டேகேர். அத யாரும் அதுவரைக்கும் கேக்கல, நாங்களும் சொல்லல.

விசா பத்தி பயப்படறவங்களுக்கு, விசிட்டரா இருந்தாலும் எச்4ஆ இருந்தாலும் கேஸ் போட உரிமை உண்டு. சாட்சி சொல்லும்போது இங்கிலீஷ் தடுமாறும்னா தமிழ் இன்டர்ப்ரிட்டர் வேணும்னு கண்டிப்பா கேளுங்க, பிள்ளைங்க மொழிபெயர்க்கறது ஒத்துக்க மாட்டாங்க. தலைய ஆட்டறது, "ம்ம்"னு சொல்றது எல்லாம் ரெக்கார்டுல ஏறாது, தெரியலன்னா தெரியலன்னே சொல்லச் சொல்லிக் குடுங்க, மரியாதைக்காக "ஆமாங்க"ன்னு சொல்லி மாட்டிக்கிட்டவங்க இருக்காங்க.

பெரும்பாலும் ஜூரி வரைக்கும் போகாம பேரத்துலதான் முடியும். எதிர்ல இருக்கற இன்சூரன்ஸ்காரனுக்கு கேப் மனப்பாடம், அவன் ஆஃபர் அந்தக் கோட்டுக்குக் கீழதான் ஆரம்பிக்கும். கேப் இல்லாத ஸ்டேட்லயும் டாக்டரோட பாலிசி பொதுவா 1 மில்லியன்தான் இருக்கும், ஜூரி 6 மில்லியன் சொன்னாலும் டாக்டர் வீட்ட வித்து மீதிய வசூல் பண்றது ரொம்ப அபூர்வம். யார் யாரெல்லாம் பொறுப்புன்னு மொதல்லயே சரியா பிடிக்கணும்னு சொன்னது இதுக்கும் சேத்துத்தான், ஆஸ்பத்திரியும் கேஸ்ல இருக்கான்னு லாயர்கிட்ட கேளுங்க.

செட்டில்மென்ட் பேப்பர் வந்தா கையெழுத்துக்கு முன்னாடி ஒரு ஷீட் கேளுங்க, மொத்தத் தொகை, ஃபீஸ், செலவு, லீன் (பில் கட்டினவங்க கேக்கற பங்கு), கைக்கு வர்றதுன்னு வரி வரியா. ஃபீஸ மொத்தத்துல கணக்கு போடறாரா, செலவு கழிச்ச அப்புறமாங்கறது காண்ட்ராக்ட்ல இருக்கும், ஆயிரக்கணக்குல வித்தியாசம் வரும். அரசாங்க இன்சூரன்ஸான மெடிகேர், மெடிகெய்டு, அப்புறம் ஆபீஸ் இன்சூரன்ஸ், விசிட்டர் இன்சூரன்ஸ், இதுல யார் பில்லு கட்டியிருந்தாலும் பங்கு கேக்க வாய்ப்பு உண்டு, ஆனா அந்தத் தொகையயும் பேசிக் குறைக்கலாம், லாயர் அத பண்ணுவாரா இல்ல உங்க தலைல விட்டுடுவாராங்கறத மொதல் நாளே கேட்டுக்கோங்க. உடம்புல ஆன காயத்துக்கு வர்ற நஷ்டஈட்டுக்கு ஃபெடரல் டாக்ஸ் கிடையாது, ஆனா அதுக்கு மேல வர்ற வட்டிக்கும் தண்டனையா போடற தொகைக்கும் உண்டு. செக் நேரா உங்க பேங்குக்கு வராது, லாயரோட ட்ரஸ்ட் அக்கவுண்டுக்குப் போய், லீன் எல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் வரும், மெடிகேர் இருந்தா அதுக்கே சில மாசம் ஆகலாம், அதுக்குள்ள அந்தப் பணத்த நம்பி எதுலயும் கை வைக்காதீங்க.